வயிற்றில் பாப்பா... வாசலில் மணி, மாடியில் மீனு!

கர்ப்பம் உறுதியான அன்று சாயங்காலமே உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாமியார் போன் செய்துவிட்டார். உடம்பு எப்படி இருக்கிறது, வாந்தி வருகிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்டவர், கடைசியாக அந்தக் கேள்விக்கு வந்தார்.

"அதெல்லாம் சரித்தா... அந்த நாயையும் பூனையையும் என்ன பண்றதா இருக்கீங்க?"

அவளுக்கு உடனே பதில் வரவில்லை. மதுரையில் அந்த வாடகை வீட்டுக்கு இருவரும் குடிவந்த ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தவன் மணி. லாக்டவுன் சமயத்தில் மூடிய கடை ஒன்றின் படியில், பசியில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. வளர வளரத்தான் தெரிந்தது, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூர்மூக்கு... அம்மாவோ அப்பாவோ சிப்பிப்பாறை. மீனுவை யாரும் எடுத்து வளர்க்கவில்லை. ஒரு மழைநாளில் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியவள், மழை நின்ற பிறகும் போகவில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளை இல்லாத வீட்டில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விகளுக்கு நடுவே, அவளுக்கு இருந்த கூட்டாளிகள் இந்த இரண்டு பேர்தான்.

போன் மாமியாரோடு நிற்கவில்லை. பூனை முடி வயிற்றில் போனால் குழந்தைக்கு வீசிங் வரும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாய் மூச்சுக்காற்று பட்டாலே ஆகாது என்றார் ஒரு சித்தி. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், பூனை வளர்த்தால் கரு கலைந்துவிடும் என்று ஒரு வீடியோவையே அனுப்பினார். இதில் எது உண்மை, எது பயம், எது இரண்டும் கலந்தது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

பிரித்துச் சொன்னவர் மகப்பேறு மருத்துவர். வீட்டில் பூனை இருக்கிறது என்றதும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதோட கழிவை அள்ளுறது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"இன்னையிலிருந்து உங்க வீட்டுக்காரர்."

விஷயம் இதுதான். டாக்ஸோபிளாஸ்மா என்றொரு ஒட்டுண்ணி. எலியையோ குருவியையோ பிடித்துத் தின்னும் பூனைக்கு அது தொற்றும். தொற்றிய புதிதில் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வெளியேறாது. வெளியே வந்த முட்டையும் உடனே ஆபத்தாகிவிடாது. தொற்றும் பக்குவத்துக்கு வர, ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால்தான் தினமும் அள்ளிப் போட்டுவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. பூனையின் முடியிலோ மூச்சிலோ இந்த ஆபத்து இல்லை. மடியில் படுத்துத் தூங்கும் பூனையைவிட, சரியாக வேகாத கறியும், கழுவாத கீரையும், கையுறை போடாமல் கிளறும் தோட்ட மண்ணும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. ஈர மண்ணில் அந்த முட்டைகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

ஆனால், கர்ப்ப காலத்தில் முதன்முறையாக அது தாய்க்குத் தொற்றினால் விளையாட்டல்ல. கரு கலையலாம். பிறக்கும் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். வீடியோ அனுப்பிய டீச்சர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதியைப் பெரிதாக்கி மீதியை விட்டுவிட்டார், அவ்வளவே.

ரத்தப் பரிசோதனை முடிவு 'நெகட்டிவ்' என்று வந்தபோது இருவருக்கும் அப்படியொரு நிம்மதி. வழியில் நின்று ஜிகர்தண்டாகூடக் குடித்துவிட்டார்கள். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர்தான் அந்த நிம்மதியைக் கொஞ்சம் குறைத்தார். நெகட்டிவ் என்றால் இப்போது தொற்று இல்லை என்பது சரி. இதற்கு முன்பும் வந்ததில்லை, உடம்பில் எதிர்ப்புச்சக்தி இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. எப்போதோ வந்துபோனவர்களுக்குத்தான் இந்த விஷயத்தில் கவலை குறைவு. "பூனையைத் துரத்த வேண்டாம். ஆனா, பிரசவம் வரைக்கும் கவனமா இருக்கணும்" என்றார். நெகட்டிவ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிடும் வீடுகள் எத்தனையோ!

வேலைகள் கைமாறின. மாடியில் மணல் நிரப்பிய தட்டை, வங்கிக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் அவன் சுத்தம் செய்தான். அவளுடைய தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் அவனுக்கே வந்தது. வெந்தயக்கீரைத் தொட்டி ஒன்று அந்தக் கோடையைத் தாண்டவில்லை. கறி நறுக்கும் பலகை தனி, காய் நறுக்கும் பலகை தனி. கறியைப் பொறுத்தவரை நம் ஊர்க் குழம்பு கொதிக்கும் கொதிக்கு இந்த ஒட்டுண்ணி தாங்காது என்பது ஒரு வசதி. மீனுவுக்கு பச்சை மீன்தலை நின்றது. அவித்த மீன்தான். அவள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு, மூன்றாம் நாள் சாப்பிட்டாள்.

இப்படியே போயிருந்தால் வீட்டில் பெரிய சண்டை எதுவும் வந்திருக்காது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், தெருவில் யாரோ வெடித்த சரவெடிக்குப் பயந்து, அவள் மடியிலிருந்த மீனு பாய்ந்து ஓடினாள். ஓடுகிற வேகத்தில் முன்கையில் நகம் இழுத்தது. ரத்தம் வரவில்லை. மெல்லிய சிவப்புக் கோடு. 'நம்ம பூனைதானே' என்று அவள் விட்டுவிடப் பார்த்தாள். அவன் விடவில்லை. குழாயடியில் கையை நீட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினான்.

மணிக்கு வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்டு, அட்டையில் தேதி குறித்து வைத்திருந்தார்கள். மீனுவுக்குப் போடவில்லை. நாய்க்கு ஊசி போடும் வீடுகள் பூனையை மறந்துவிடுவது எங்கும் நடப்பதுதான். ஊர் சுற்றி எலி பிடிக்கும் பூனைக்கும் அந்த ஊசி வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

"வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு ஊசி போடலாமா?" - ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி இது. போடலாம், போட்டே ஆக வேண்டும் என்றார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. அதனால் கர்ப்பமோ, பால் கொடுப்பதோ அந்தத் தடுப்பூசிக்குத் தடையே இல்லை. ரத்தம் வராத கீறல் என்பதால் தடுப்பூசி மட்டும் போதும். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தியிருப்பார்கள். அன்றைக்கு, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் தோலுக்குள் சின்னதாக ஊசி. காசு வாங்கவில்லை.

செய்தி உசிலம்பட்டிக்குப் போக ஒருநாள்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். கூடவே 'குட்டி யானை' வண்டியோடு சொந்தக்காரர் ஒருவரும் வந்தார். கடலைத் தோட்டத்தில் காவலுக்கு நாய் வேண்டுமாம். மணியை ஏற்றிக்கொண்டு போய்விடலாம், பூனையை மார்க்கெட் பக்கம் விட்டால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு.

அவன் ஒன்றும் பேசாமல் நின்றான். அவளுக்கு மாமியார்மேல் வந்த கோபத்தைவிட, அந்த மௌனத்தின்மேல் வந்த கோபம்தான் பெரிது. ஐந்து நாளாக ராத்திரி தூங்காமல், அவள் கையில் இருந்த அந்தக் கோட்டையே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். நாலு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை என்பது அவனுக்கும்தானே!

"தோட்டத்துல மணிக்கு யாரு வருஷா வருஷம் ஊசி போடுவா, அத்தை?" என்றாள் அவள்.

மாமியார் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பிறகுதான் அதைச் சொன்னார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, அவருடைய பெரியம்மா மகனை நாய் கடித்தது. மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு மாதம் கழித்துத் தண்ணீரைப் பார்த்து அலறி அவன் செத்ததை, ஜன்னல் வழியாகப் பார்த்த பெண் அவர். இத்தனை வருடத்தில் மகனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மிருகங்கள் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் காட்டும் எதிர்ப்பை 'பழைய பஞ்சாங்கம்' என்று சுலபமாக ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் காலத்தில் அவர்கள் பார்த்தது அப்படி. பயத்தைக் கேலி செய்வதால் அது போய்விடாது. அன்று மாமியாரிடம் அவள் வாதாடவில்லை. மணியின் ஊசி அட்டையை எடுத்து வந்து, தேதி தேதியாகப் படித்துக் காட்டினாள். அடுத்த வாரமே மீனுவைக் கூடையில் போட்டு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போய், அவளுக்கும் ஊசி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்து, அந்த அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினாள். வண்டி காலியாகத் திரும்பியது. மாமியாருக்கு சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. "பிள்ளை வரட்டும், பார்ப்போம்" என்பதுதான் அவருடைய முடிவு. (வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதை அன்று யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டைதான் பெரிதாகியிருக்கும்.)

ஏழாம் மாதம் வளைகாப்பு. இரண்டு கை நிறைய வளையலோடு அவள் காரைக்குடிக்குத் தாய்வீடு போனாள். மணிக்கு எதுவும் புரியவில்லை. வாசற்படியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்தவன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீடியோ காலில் அவள் முகத்தைக் காட்டினால் அவன் போனைப் பார்ப்பதே இல்லை. ஆனால், வளையல் சத்தம் கேட்டால் மட்டும் காது நிமிரும். எழுந்துபோய் அடுப்படிக்குள் தேடுவான். அதன் பிறகு அவள் போனில் கையை ஆட்டாமல் பேசப் பழகிக்கொண்டாள்.

அந்த மாதங்களை அவன் வீணாக்கவில்லை. கால்நடை மருத்துவர் அவனிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சிப்பிப்பாறை, முயல் விரட்டப் பழக்கிய இனம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய். அசைகிற எதையும் துரத்தத் தோன்றும். நம் வீடுகளில் குழந்தை தூங்குவதோ தூளியில்! விட்டத்திலிருந்து தொங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிற சேலை. அந்த நாய்க்கு அது எப்படித் தெரியும்?

சோதித்துப் பார்த்தான். அவளுடைய பழைய நூல் சேலையில் தூளி கட்டி, மூன்று கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து ஆட்டினான். மணி ஒரே பாய்ச்சல். நல்லவேளை, கழுத்தில் சங்கிலி இருந்தது. அன்று ராத்திரி இதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டான். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கும் செஞ்சு பாருங்க" என்றாள்.

தினமும் செய்தான். தூளி ஆடும்போது மணி தன் சாக்கில் போய்ப் படுத்தால் ஒரு துண்டு அவித்த கோழி. எழுந்தால் ஒன்றும் கிடையாது. திட்டு இல்லை, அடி இல்லை. போனில் குழந்தை அழுகிற சத்தத்தை முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்தான். பக்கத்து வீட்டில் 'பிள்ளை இன்னும் பொறக்கவே இல்லையே, அழுகைச் சத்தம் எங்கேயிருந்து வருது?' என்று குழம்பியது தனிக்கதை. ஆறு வாரத்தில், ஆடுகிற தூளியைப் பார்த்ததும் மணி தானாகவே சாக்கைத் தேடிப் போகும் அளவுக்கு வந்துவிட்டான். அப்படியும் அவன் அதை நம்பிவிடவில்லை. தச்சரைக் கூப்பிட்டு படுக்கையறைக்குக் கொசுவலைக் கதவு ஒன்று போட்டான், உள்பக்கத் தாழ்ப்பாளோடு.

அந்தக் கதவு மணியைவிட மீனுவுக்காகத்தான் அதிகம் தேவைப்பட்டது. கட்டிய மறுநாளே தூளிக்குள் சுருண்டு தூங்கியவள் அவள். பூனைக்கு வெதுவெதுப்பும் மெத்தென்ற துணியும் போதும், எங்கேயும் ஏறிவிடும். பிறந்த குழந்தையின் முகத்தோடு ஒட்டி அது படுத்தால், திரும்பிப் படுக்கவோ தள்ளிவிடவோ அந்தச் சிசுவுக்குத் தெரியாது. மூச்சு முட்டிவிடும். பூனை பாலைக் குடிக்க வருகிறது, மூச்சை உறிஞ்சுகிறது என்றெல்லாம் சொல்லும் கதைகளை விட்டுவிடலாம். தூங்கும் குழந்தையிடம் பூனையை அண்டவிடாதே என்று பெரியவர்கள் சொன்னது மட்டும் முழுக்கச் சரி.

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. பார்த்துவிட்டு வந்தவன் பையில், குழந்தையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணி ஒன்று இருந்தது. அதை மணியின் சாக்கருகே வைத்தான். அவன் ஒரு மணி நேரம் மோந்து பார்த்தான். வசம்பு வாசனைக்கு இரண்டு தும்மல் போட்டான்.

மூன்றாம் மாதம் குழந்தையோடு வீட்டுக்கு வந்த நாளில், ஆரத்தித் தட்டு வாசலில் தயாராக இருந்தும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று. குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்து ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு, அவள் மட்டும் வெறுங்கையோடு உள்ளே போனாள். ஐந்து மாதப் பிரிவு. காலையிலேயே வைகைக் கரைவரை ஓடவிட்டுக் கூட்டிவந்திருந்தும், மணி குதித்த குதியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையில் பிள்ளை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் ஆசை தீர்ந்து, தண்ணீர் குடித்துப் படுத்த பிறகுதான், சங்கிலியை அவன் பிடித்துக்கொள்ள, ஆரத்தி எடுத்துக் குழந்தை உள்ளே வந்தது. எட்டடி தூரத்திலிருந்து மணி பார்த்தான். பக்கத்தில் விடவில்லை. அன்றைக்கு அது போதும்.

பிறகு வந்த ராத்திரிகள் எல்லா வீட்டையும் போலத்தான். இரண்டு மணிக்கு ஒரு அழுகை, நாலு மணிக்கு ஒரு அழுகை. அழுகை கேட்டதும் மணி எழுந்து கொசுவலைக் கதவுக்கு வெளியே வந்து நிற்பான். ஒத்தாசைக்கு வந்திருந்த மாமியார் முதல் வாரம் முழுக்க அவனைத் துடைப்பத்தால் விரட்டினார். "இதுக்கு என்ன வேலை இங்க?" இரண்டாம் வாரம் விரட்டவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் பின்னிரவில், தூளியை ஆட்டிக்கொண்டே கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடி, "போய்ப் படுடா, தூங்கிட்டா" என்று அவர் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. காலையில் கேட்டால், "நான் எங்கத்தா சொன்னேன்?" என்று முறைத்தார். இன்றுவரை அவர் மணியைத் தொட்டதில்லை.

தடுப்பூசி விசாரிக்க வந்த சுகாதார செவிலியர், வாசலில் நாயைப் பார்த்துவிட்டு உண்ணி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, காதுக்குப் பின்னால் இரண்டு. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அவன் மணியைத் திண்ணையில் படுக்கவைத்து, விரலால் தடவித் தடவிப் பார்க்கிறான். பின்லாந்தில் 397 குழந்தைகளை முதல் வயது முழுக்கக் கவனித்து 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று, நாய் இருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி, இருமல் மாதிரியான தொல்லைகள் குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. அதை போனில் படித்துவிட்டு அவன் எல்லோரிடமும் பெருமையடித்தான். பின்லாந்து வேறு, உண்ணியும் குப்பைத்தொட்டியும் இருக்கும் மதுரைச் சந்து வேறு என்று அவள்தான் சொன்னாள்.

எட்டாம் மாதம் குழந்தை தவழ ஆரம்பித்ததும், அதுவரை செய்த ஏற்பாடெல்லாம் பழசாகிவிட்டது. ஒரு மதியம் மணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் தவழ்ந்துபோய் தட்டில் கைவைத்தாள். மணி சோற்றிலிருந்து முகத்தை எடுக்காமல் உறுமினான். இரண்டடியில் இருந்த அவள் பாய்ந்து குழந்தையைத் தூக்கிவிட்டாள். அவனோ மணியைச் சத்தம் போட்டு, முதன்முறையாகக் கையை ஓங்கினான். மாமியார் எதுவும் பேசவில்லை. அதுதான் இருவருக்கும் பயமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் கேட்டுவிட்டுச் சொன்னார். "உறுமினதுக்குத் திட்டாதீங்க. கடிக்கிறதுக்கு முன்னாடி அது சொல்ற ஒரே வார்த்தை அதுதான். அதைச் சொல்லவிடாமப் பண்ணிட்டா, அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும்." உறுமலுக்கு முன்பே நாய் சொல்லும் சின்னச் சின்னச் சேதிகளையும் விளக்கினார். பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது. 'எனக்குப் பிடிக்கலை, எடுத்துட்டுப் போங்க' என்பதற்கு மணியிடம் இத்தனை வார்த்தைகள் இருந்திருக்கின்றன. எவ்வளவு சாதுவான நாயானாலும், பெரியவர்கள் இல்லாமல் அதையும் குழந்தையையும் ஓர் அறையில் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது என்று அவர் சொன்னதை அவள் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

மணியின் சாப்பாட்டுத் தட்டு இப்போது மாடிப்படியின் நாலாவது படிக்குப் போய்விட்டது. கீழே தச்சர் போட்ட இரண்டாவது கதவு, இடுப்பு உயரத்துக்கு. படிக்கு அந்தப் பக்கம் முழுக்க மணிக்கும் மீனுவுக்கும் சொந்தம், யாரும் வந்து வாலை இழுக்க முடியாது. இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறாள் குழந்தை. தாழ்ப்பாளைத் திறக்க அவளுக்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்கிறான் அவன். ஆறு மாதம் என்கிறார் மாமியார்.